லைவ் அட் லீட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசை கேட்கும் நண்பர்கள் கூடினால், பேச்சு எப்படியும் தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' பக்கம் வந்துவிடும். வந்தவுடன் அதே பத்து இருபது சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மேலே உள்ளவை புதியவர்களுக்கு. கீழே போகப்போக ஏற்கெனவே கேட்டவர்களுக்கு.

தி ஹூன்னா யாரு? இந்த ஒரு ஆல்பத்தை மட்டும் ஏன் இப்படித் தூக்கி வெச்சுப் பேசுறீங்க?

லண்டனில் 1960களில் கிளம்பிய ராக் குழு. பாடகர் ராஜர் டால்ட்ரி, கிட்டாரும் பெரும்பாலான பாடல்களின் ஆக்கமும் பீட் டவுன்ஷெண்ட், பேஸ் கிட்டார் ஜான் என்ட்விசில், டிரம்ஸ் கீத் மூன். 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' இவர்களைப் பெரிய பெயராக்கியது. 1969 மே மாதம் 'டாமி' என்ற இரட்டை இசைத்தட்டு வந்தது. ஒரே கதையைப் பாடல்களாகச் சொல்லும் அதை ராக் ஓபரா என்றார்கள். அது வந்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

ஸ்டுடியோவில் இவர்கள் நல்ல குழு. மேடையில் வேறு குழு. சிங்கிள்களை, அதாவது தனிப்பாட்டுத் தட்டுகளைக் கேட்டுவிட்டு நேரில் பார்க்கப் போனவர்கள் இது என்ன புயல் என்று திகைத்தார்கள். அந்த மேடைக் குழு இசைத்தட்டில் முதன்முதலாக முழுசாகச் சிக்கியது 1970-இல் வந்த இந்த ஆல்பத்தில்தான். நேரடி ராக் ஆல்பங்களில் எது சிறந்தது என்ற சண்டை ஓயப்போவதில்லை. ஆனால் அந்தச் சண்டையில் இந்தப் பெயர் வராமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

எங்க, எப்ப நடந்த கச்சேரி இது?

1970 பிப்ரவரி 14, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வடக்கே உள்ள லீட்ஸ் பல்கலைக்கழகம். ஆல்பம் அதே ஆண்டு மே மாதம் வெளியானது.

இடம் என்ன தெரியுமா? ரெஃபெக்டரி. அதாவது மாணவர்கள் சாப்பிடும் கூடம். மெஸ் ஹால் என்றால் நமக்குப் புரியும். சுமார் 2,000 பேர் நெருக்கியடித்து நிற்கலாம். அதற்கு ஆறு மாதம் முன்புதான் இவர்கள் அமெரிக்காவின் உட்ஸ்டாக் ராக் விழாவில் கடல் போன்ற கூட்டத்தின் முன்னால் வாசித்திருந்தார்கள். பதிவு செய்யத் தேர்ந்தெடுத்தது ஒரு மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தை ஒத்த இடம். எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. திறந்தவெளியில் ஒலி கலைந்து போய்விடும். இங்கே நான்கு சுவருக்குள் அடைபட்டு முகத்திலேயே வந்து அறைகிறது.

மொத்தம் எத்தனை பேர் வாசிக்கிறாங்க? இன்னொரு கிட்டார் இருக்குமே?

இல்லை. ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட், ஒரு குரல். கூடவே டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் பின்பாட்டு. 'மேஜிக் பஸ்'ஸில் டால்ட்ரி ஹார்மோனிகா ஊதுவார். கீபோர்ட் கிடையாது, கூடுதல் கிட்டார்காரர் கிடையாது. நால்வரில் மூத்தவர்களுக்கு அன்று வயது 25, இளையவரான மூனுக்கு 23.

இந்தக் கேள்வி வருவதிலேயே ஒரு பாராட்டு இருக்கிறது. எப்படி மூன்று வாத்தியங்கள் இவ்வளவு இடத்தை நிரப்புகின்றன என்பதற்கான பதில், கீழே பேஸ் பற்றியும் டிரம்ஸ் பற்றியும் கேட்ட கேள்விகளில் வரும்.

ஆறே பாட்டுதான் இருக்கு. கச்சேரி அவ்வளவு சின்னதா?

கச்சேரி இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இசைத்தட்டில் ஏறியது நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முதல் பக்கத்தில் 'யங் மேன் ப்ளூஸ்', 'சப்ஸ்டிட்யூட்', 'சம்மர்டைம் ப்ளூஸ்', 'ஷேக்கின் ஆல் ஓவர்'. இரண்டாம் பக்கத்தில் 'மை ஜெனரேஷன்', 'மேஜிக் பஸ்'. அவ்வளவுதான்.

இரட்டைத்தட்டாக வெளியிட்டிருந்தால் இன்னும் நிறைய வந்திருக்கும். ஆனால் 'டாமி'யே இரட்டைத்தட்டு. அது கடைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதையே மறுபடி மேடைப் பதிவாக விற்பதில் அர்த்தமில்லை. அதனால் மேடையில் மட்டும் கேட்கக் கிடைக்கும் விஷயங்களைப் பொறுக்கி ஒரே தட்டில் அடைத்தார்கள்.

அதுல பாதி இவங்க பாட்டே இல்லையாமே?

உண்மைதான். ஆறில் மூன்று மற்றவர்களுடையவை. 'யங் மேன் ப்ளூஸ்' அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் மோஸ் அலிசனுடையது. 'சம்மர்டைம் ப்ளூஸ்' 1958-இல் எடி காக்ரன் பாடியது. 'ஷேக்கின் ஆல் ஓவர்' 1960-இல் ஜானி கிட் அண்ட் தி பைரேட்ஸ் பாடிய பிரிட்டிஷ் ராக் அண்ட் ரோல்.

மூலத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். முக்கியமாக 'யங் மேன் ப்ளூஸ்'. மோஸ் அலிசன் அதை ஒன்றரை நிமிடத்தில் அலட்டிக்கொள்ளாமல் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். இவர்கள் என்ன செய்கிறார்கள்? டால்ட்ரி ஒரு வரியைத் தனியாகப் பாடுகிறார். பின்னால் எந்த வாத்தியமும் இல்லை. வரி முடிந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் இறங்கி அடிக்கிறார்கள். சட்டென்று நிறுத்தம். மறுபடி தனிக்குரல். அந்த நிசப்தம் எவ்வளவு நேரம் நீளும் என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குள் கண்ஜாடையில் தெரியும். பத்தாவது தடவை கேட்கும்போதும் அந்த இடத்தில் நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் உட்கார்கிறேன்.

அமெரிக்காவுல எடுத்த டேப்பை எல்லாம் எரிச்சுட்டாங்கன்னு சொல்றது கதையா, நிஜமா?

டவுன்ஷெண்டே சொன்னது. 1969-இல் அமெரிக்கப் பயணத்தின்போது, நேரடி ஆல்பம் போடும் எண்ணத்தில், குழுவின் ஒலிப்பொறியாளர் பாப் பிரிடன் நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பதிவு செய்திருந்தார். ஊர் திரும்பியதும் மலைபோல் குவிந்திருந்த நாடாக்களை உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்க டவுன்ஷெண்டுக்குப் பொறுமை இல்லை. திருட்டுப் பதிவுக்காரர்கள் கையில் சிக்கிவிடக்கூடாது என்ற பயமும் இருந்தது. எரித்துவிடு என்று சொல்லிவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார்.

அதன்பிறகு வந்த யோசனைதான் இது: பதிவுக்கென்றே இரண்டு நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வோம், அவற்றிலிருந்து ஆல்பம் போடுவோம். சனிக்கிழமை லீட்ஸ், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஹல் என்ற ஊரின் நகர மண்டபம். இரண்டையும் 8 தட நாடாவில் (எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிக்கும் நாடா) பதிவு செய்ய பை (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் நடமாடும் பதிவுக்கூடம் போனது. ஹல்லுக்கு என்ன ஆனது என்பது கீழே.

அட்டையில படமே இல்ல, வெறும் பழுப்புக் காகிதத்துல சீல் குத்தின மாதிரி இருக்கு. டூப்ளிகேட்டை வாங்கிட்டேனா?

பயப்பட வேண்டாம். அசலே அப்படித்தான். வேண்டுமென்றே அப்படிச் செய்தது.

1969, 70 காலத்தில் அனுமதியில்லாத திருட்டு இசைத்தட்டுகள் பெருகிக்கொண்டிருந்தன. பாப் டிலனின் வெளியாகாத பாடல்கள், ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கக் கச்சேரி என்று வெற்று அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விற்றார்கள். வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு கிளுகிளுப்பு: கம்பெனி மறைத்துவைத்த உண்மையான ஒலி இது என்று. தி ஹூ அந்தத் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிராஃப்ரீக்ஸ் என்ற வடிவமைப்பாளர்கள் செய்த வேலை. ஸ்டாம்ப் நிறம் கருப்பு, நீலம், சிவப்பு என்று அச்சுக்கு அச்சு மாறும். நிறத்தைப் பார்த்து விலை பேசுகிற சேகரிப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அட்டைக்குள்ளே ஒரு கட்டுக் காகிதங்கள் இருக்கும். லண்டன் மார்க்கீ கிளப்பின் பழைய சுவரொட்டி, உட்ஸ்டாக் ஒப்பந்தத்தின் நகல், 'மை ஜெனரேஷன்' பாடல் வரிகளின் தாள், மேடைக்குப் புகைக்குண்டு வாங்கிய ரசீது இப்படி. எல்லாம் நகல்தான். ஆனாலும் பழைய இசைத்தட்டுக் கடையில் இவை ஒன்றும் குறையாமல் கிடைத்தால் விலை வேறு. உள்ளே காகிதம் இல்லாத தட்டுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

தட்டுல கரகரன்னு சத்தம் வருது. ஊசி போச்சா, தட்டு போச்சா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். தட்டின் நடுவில் உள்ள லேபிளைப் பாருங்கள். டவுன்ஷெண்டின் கையெழுத்தில், கரகரப்புச் சத்தம் சரிதான், திருத்தாதீர்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். தட்டு வெட்டுகிற தொழிற்சாலைக்காரர்களுக்கு எழுதியது அது.

நாடாவிலேயே கிளிக் சத்தங்கள் நுழைந்திருந்தன. டவுன்ஷெண்ட் முயன்று பார்த்தார், போகவில்லை, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். முந்தைய பதிலில் சொன்ன திருட்டுத்தட்டு வேஷத்துக்கும் அது பொருத்தமாக அமைந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து வந்த குறுந்தகட்டில் கணினி உதவியால் அதை நீக்கினார்கள். 1995 பதிப்பில் பழைய குறிப்பையே கிண்டலாகத் திருப்பி, கரகரப்பு சரிசெய்யப்பட்டுவிட்டது என்று போட்டார்கள். அதனால் உங்கள் பழைய தட்டில் இங்கங்கே கிளிக் கேட்டால் அசல். தொடர்ந்து பொரிந்துகொண்டே இருந்தால் அது தூசி. துடையுங்கள்.

ரசிகர்கள் சத்தமே கேட்க மாட்டேங்குது. நிஜமாவே லைவா இது?

நிஜமாகவே லைவ்தான். கூட்டத்தின் ஒலி பதிவில் மிகவும் மெலிதாகத்தான் இருக்கிறது. பாட்டு முடிந்தால் கைதட்டல், சில கூச்சல்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து நேரடி ஆல்பங்கள் பலவற்றில் கூட்டத்தின் கூச்சலைத் தனியாக எடுத்து ஒட்டி உப்பவைப்பார்கள். இசை சுமாராக இருந்தாலும் பிரமாதமான இரவு போலத் தோன்றும். இங்கே அந்த வேலையைச் செய்யவில்லை. கேட்கிறவனை உசுப்ப வேண்டிய பொறுப்பு முழுக்க வாசிப்பின் தலையில் விழுகிறது. இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிற ஒரே பெரிய விஷயம் இதுதான். இதன் முரட்டுத்தனம் சேர்த்ததால் வந்ததல்ல. எதையும் போர்த்தாமல் விட்டதால் வந்தது.

அப்போ ஸ்டுடியோவுல ஒண்ணுமே தொடலையா? நூறு சதவீதம் சுத்தமா?

இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. லீட்ஸ் மேடையில் பின்பாட்டுக் குரல்கள் நாடாவில் ஒழுங்காக விழவில்லை. டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் பை ஸ்டுடியோவுக்குப் போய் அவற்றை மட்டும் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். மேடையின் வேகம் போய்விடக்கூடாது என்று ஒரே மூச்சில் பாடி முடித்தார்கள். சில பாடல்களைத் தட்டின் நீளத்துக்காகக் கொஞ்சம் வெட்டியும் இருக்கிறார்கள். 'யங் மேன் ப்ளூஸ்' முழு நீளத்தில் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

கிட்டார், பேஸ், டிரம்ஸ், டால்ட்ரியின் குரல் ஆகியவை அன்றிரவு அந்தக் கூடத்தில் நடந்தவை. இவ்வளவு ஒட்டுவேலையை வைத்து இது லைவ் இல்லை என்று வாதிடுகிறவர்கள், அதே அளவுகோலை மற்ற நேரடி ஆல்பங்களின் மேல் வைத்தால் பாதி அலமாரியைக் காலிசெய்ய வேண்டியிருக்கும்.

ஹெட்போன்ல ஒரு காதுல கிட்டார் மட்டும், இன்னொரு காதுல பேஸ் மட்டும் வருது. செட்டிங் மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். இடது பக்கம் என்ட்விசிலின் பேஸ், வலது பக்கம் டவுன்ஷெண்டின் கிட்டார், நடுவில் குரலும் டிரம்ஸும். நீங்கள் மேடைக்கு எதிரே நின்றால் அவர்கள் நிற்கும் வரிசையும் அதுதான்.

இதை ஒரு பரிசாக எடுத்துக்கொள்ளுங்கள். வலது காதை மட்டும் வைத்து ஒரு முறை முழுசாகக் கேளுங்கள். கிட்டார்காரர் எத்தனை இடங்களில் வாசிக்காமல் சும்மா இருக்கிறார் என்று புரியும். பிறகு இடது காதை மட்டும். அடுத்த கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

பேஸ் ஏன் பேஸ் மாதிரியே இல்ல? யாரு கிட்டார் வாசிக்கிறாங்கன்னே குழப்பமா இருக்கு.

இந்தக் குழுவில் வேலைப் பங்கீடு தலைகீழ். டவுன்ஷெண்ட் அடிப்படையில் தாளம் கெட்டியாகப் பிடிக்கும் கிட்டார்காரர். பெரிய கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து ஒரே அடியாக மீட்டுவது) வீசிவிட்டு அவை ஒலித்து அடங்கும்வரை காத்திருப்பார். அந்த இடைவெளியில் மெட்டை ஓட்டுவது என்ட்விசிலின் பேஸ். மற்ற குழுக்களில் பேஸ்காரர் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு அடித்தளம் போடுவார். இங்கே அடித்தளம் போடுவது கிட்டார். அதன்மேல் ஏறி ஓடுவது பேஸ்.

ஒலியும் அதற்கேற்றது. அவர் பயன்படுத்திய கம்பிகள் பியானோ போன்ற கணீர் ஓசை தரும் ரவுண்ட்வுண்ட் வகை. 1960களின் நடுவில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அவற்றை உருவாக்கியதில் அவருக்கே பங்கு உண்டு. பல உடைந்த ஃபெண்டர் பேஸ்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டி, ஃபிராங்கன்ஸ்டைன் என்று பெயர் வைத்த ஒரு பேஸை அந்த ஆண்டுகளில் வாசித்தார். ஆம்ப்ளிஃபயரை உறுமும் அளவுக்குத் திருப்பிவைப்பார். 'ஷேக்கின் ஆல் ஓவர்' நடுப்பகுதியில் இடது காதைக் கவனியுங்கள். ஆள் மேடையில் அசையாமல் தூண் மாதிரி நிற்பவர். விரல்கள் மட்டும் ஓடும்.

இவ்வளவு பேர் வாங்கின கீத் மூன், ஒரு டிரம் சோலோ கூட அடிக்கலையே?

நம் கச்சேரியில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் கட்டாயம் உண்டு. மற்ற நேரத்தில் அவர் பாடகரின் பின்னால் போவார். மூனுக்கு அந்த ஏற்பாடே ஒத்துவராது. டிரம் சோலோ அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. பாட்டு முழுக்க அவருக்குத் தனிதான்.

ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டில் ஒழுங்காக நேரம் பிடிக்கும் டிரம்மர் இல்லை அவர். டால்ட்ரி பாடும் வரிக்கு ஏற்பவும் டவுன்ஷெண்ட் கை வீசும் வேகத்துக்கு ஏற்பவும் உருட்டிக்கொண்டே போவார். தாளத்தைப் பிடிக்க வேண்டியது கிட்டார் என்று மேலே சொன்னேனே, காரணம் இதுதான். சில இடங்களில் எல்லாம் சிதறிவிடப் போகிறது என்று தோன்றும்; அடுத்த அடியில் மூவரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். ஸ்டுடியோவில் இந்த ஆபத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள். இங்கே அது அப்படியே இருக்கிறது. மூன் 1978 செப்டம்பரில் 32 வயதில் இறந்தார். அவருக்குப் பிறகு வந்த நல்ல டிரம்மர்கள் யாருமே அவர் இடத்தை நிரப்பவில்லை. நிரப்ப முடியாது என்பதல்ல, அப்படி வாசிப்பது யாருக்கும் நியாயமாகத் தோன்றாது.

'சம்மர்டைம் ப்ளூஸ்'ல நடுவுல ஒரு கட்டைக்குரல் வருதே, யாரு அது?

என்ட்விசில். முதலாளியும் அரசியல்வாதியும் பேசுகிற வரிகள் அவருடையவை. சிரிப்பு மூட்டுவதற்காகவே அவ்வளவு கீழே இறங்கிப் பாடுகிறார்.

'மை ஜெனரேஷன்' மூணு நிமிஷப் பாட்டுதானே? இங்க ஏன் கால் மணி நேரம் ஓடுது?

பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நடப்பதுதான் இந்த ஆல்பத்தின் உயிர்.

முதலில் 'டாமி'யின் இறுதிப் பகுதியிலிருந்து ஒரு துண்டு வந்து போகும். டால்ட்ரியின் குரல் அங்கே மென்மையாகிவிடும். பிறகு டவுன்ஷெண்ட் எதையோ தேடுவது போல ஒரு சின்ன உருப்படியை மெதுவாக மீட்டிப் பார்ப்பார். பேஸும் டிரம்ஸும் ஒதுங்கி நிற்கும். அதே துணுக்கைச் சற்று உரக்க. மற்ற இருவரும் இது எங்கே போகிறது என்று கண்டுகொண்டு சேர்ந்துகொள்வார்கள். ஏறும், உச்சிக்குப் போகும், சட்டென்று கீழே விழும். மறுபடி ஒற்றைக் கிட்டார். பின்னாளில் 'நேக்கட் ஐ' என்ற பாடலாக வந்த ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இங்கே மேடையிலேயே பிறந்து வளர்வதைக் கேட்கலாம். 'டாமி'யின் வாத்திய இசைப் பகுதியும் எட்டிப் பார்க்கும்.

ஓரளவு திட்டம் இருந்தது என்பது மற்ற ஊர்ப் பதிவுகளைக் கேட்டால் தெரியும். ஒரே துண்டுகள் வேறு வேறு வரிசையில் வரும். ஆனால் எப்போது தாவுவது என்பது அந்த நொடியின் முடிவு. கடைசிச் சில நிமிடங்கள் நீளம்தான் என்று குறை சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. முதல் தடவை எனக்கும் நீளமாகத்தான் இருந்தது.

அதுக்கப்புறம் வர்ற 'மேஜிக் பஸ்' சலிப்பா இருக்கே?

பலர் கருத்து அது. என்ட்விசிலே உங்கள் கட்சி. பாட்டின் பெரும்பகுதி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதால் அவருக்கு அதை வாசிக்கப் பிடிக்காது. டால்ட்ரியும் டவுன்ஷெண்டும் பஸ்ஸுக்குப் பேரம் பேசும் இடம் வேடிக்கையாக இருக்கும். கடைசியில் ஹார்மோனிகாவும் டிரம்ஸும் சேர்ந்து கிளப்பும் இரண்டு நிமிடத்துக்காக நான் பொறுத்துக்கொள்வேன்.

'டாமி'யை அன்னைக்கு வாசிச்சாங்களா இல்லையா?

வாசித்தார்கள், கிட்டத்தட்ட முழுசாக. கச்சேரியின் நடுப்பகுதியே அதுதான், ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக. முதல் இசைத்தட்டில் ஏன் சேர்க்கவில்லை என்பதை ஆறு பாட்டுக் கேள்வியில் சொல்லிவிட்டேன். முழு 'டாமி'யும் 2001-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் கிடைத்தது.

ஸ்டுடியோ 'டாமி'யில் ஒலிக்கும் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, பியானோவும் பிரெஞ்சு ஹார்னும் உண்டு. மேடையில் அவற்றில் எதுவும் கிடையாது. அதனாலேயே சிலருக்கு ஸ்டுடியோ வடிவத்தைவிட இது பிடித்துவிடும். நானும் அந்தக் கூட்டம்.

எந்தப் பதிப்பை முதல்ல கேட்கணும்? அஞ்சாறு இருக்கே.

முக்கியமானவை நான்கு. 1970-இன் ஆறு பாட்டுத் தட்டு. 1995-இல் வந்த, பதினான்கு பாடல்கள் கொண்ட குறுந்தகடு. 8 தட நாடாவிலிருந்து மறுபடி கலந்தது. 2001-இன் இரட்டைத் தகடு, 'டாமி'யோடு. 2010-இல் நாற்பதாம் ஆண்டுக்கு வந்த பெட்டி, ஹல் கச்சேரியையும் சேர்த்தது.

என் கட்சி: முதலில் ஆறு பாட்டு. காரணம், அது ஒரு ஆல்பமாகச் செதுக்கப்பட்டது. மூச்சுவிட இடமில்லை. பிடித்துப்போனால் 1995. அதில்தான் என்ட்விசில் எழுதிய 'ஹெவன் அண்ட் ஹெல்' கச்சேரியைத் திறக்கிறது, 'டாட்டூ' போன்ற மென்மையான பாட்டும் 'எ குயிக் ஒன்' என்ற குட்டி ஓபராவும் இருக்கின்றன, பாடல்களுக்கு நடுவே டவுன்ஷெண்டும் மூனும் அடிக்கும் கிண்டலும் கேட்கிறது. இவர்கள் வெறும் சத்தக்காரர்கள் அல்ல, நக்கல்காரர்கள் என்பது அங்கேதான் தெரியும். டீலக்ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேராக அதில் குதித்தவர்கள் பாதியில் களைத்துப்போய் என்னிடம் வந்து குறைசொல்லியிருக்கிறார்கள்.

டீலக்ஸ்ல 'டாமி' ரெண்டாவது தகட்டுல தனியா இருக்கு. கச்சேரி அதோடதான் முடிஞ்சுதா?

இல்லை. வசதிக்காகப் பிரித்திருக்கிறார்கள். அன்றிரவு நடந்த வரிசையில் கேட்க வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்: முதல் தகட்டில் 'எ குயிக் ஒன்' முடியும்வரை. அங்கே நிறுத்திவிட்டு இரண்டாம் தகட்டு 'டாமி' முழுவதும். பிறகு முதல் தகட்டுக்குத் திரும்பி 'சம்மர்டைம் ப்ளூஸ்' முதல் 'மேஜிக் பஸ்' வரை.

பட்டியல் போட்டு ஒரு முறை இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரக் கதையைச் சொல்லி முடித்த களைப்பில் 'சம்மர்டைம் ப்ளூஸ்' எவ்வளவு பெரிய விடுதலையாக வெடிக்கிறது என்பது அப்போதுதான் புரியும். 'மை ஜெனரேஷ'னில் 'டாமி' எட்டிப் பார்ப்பதும் அப்போது சரியாகப் பொருந்தும்.

ஹல் கச்சேரிதான் நல்லதாமே? அப்புறம் ஏன் அதைப் போடலை?

ஹல் நகர மண்டபத்தின் ஒலியமைப்பு லீட்ஸைவிட நன்றாக இருந்தது என்று குழுவினரே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாடாவைப் போட்டுப் பார்த்தபோது முதல் சில பாடல்களில் பேஸ் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. என்ட்விசில் இல்லாத தி ஹூவை வெளியிட முடியுமா? லீட்ஸ்தான் கைவசம் மிஞ்சியது.

2010-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விட்டுப்போன பாடல்களுக்கு முந்தின இரவு லீட்ஸில் வாசித்த பேஸை எடுத்து, நேரத்தைச் சரிசெய்து ஹல் நாடாவில் பொருத்தினார்கள். ஆகவே அந்தப் பாடல்களில் மூவர் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள், ஒருவர் சனிக்கிழமை வாசிக்கிறார். சுத்தவாதிகளுக்கு இது ஒப்பாது. எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எது சிறந்தது என்றால், ஹல் சற்று நிதானம், லீட்ஸ் சற்று வெறி. நான் லீட்ஸ்.

குறைந்த சத்தத்துல கேட்டா ஒண்ணும் தெரியலையே. எவ்வளவு வைக்கணும்?

அறையில் ஸ்பீக்கரில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையின் எல்லைவரை. ஹெட்போனில் வேண்டாம். இந்தக் குழு சத்தத்துக்கே பேர்போனது. 1976-இல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் இவர்கள் வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் அளந்து கின்னஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். அதற்கு விலையும் உண்டு. டவுன்ஷெண்டின் காது இரைச்சலும் கேட்கும் குறைபாடும் ஊரறிந்த விஷயம், அவரே அதுபற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உங்கள் காது உங்களுக்கு வேண்டும்.

அந்த ஹால் இப்பவும் இருக்கா?

இருக்கிறது. மாணவர்கள் இன்றும் அந்தக் கட்டடத்தில் சாப்பிடுகிறார்கள். 2006 ஜூனில் டவுன்ஷெண்டும் டால்ட்ரியும் புதிய துணைக்கலைஞர்களோடு அங்கே திரும்பி வந்து வாசித்தார்கள். அப்போது கட்டடத்தில் ஒரு நீலநிற நினைவுப் பலகையும் திறந்தார்கள். என்ட்விசில் 2002-இலேயே இறந்துவிட்டார்.

இது பிடிச்சுப்போச்சு. அடுத்து என்ன?

இதே குழு, அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஐல் ஆஃப் வைட் விழாவில் பின்னிரவில் வாசித்த கச்சேரி தனி ஆல்பமாக வந்திருக்கிறது. கிட்டத்தட்ட அதே பாடல் பட்டியல். பெரிய மைதானத்தில் இதே வாசிப்பு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட ஏற்றது. படமாகவும் இருக்கிறது, மூனைக் கண்ணால் பார்க்கலாம்.

மற்றவர்கள் வேண்டுமென்றால், ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்டில் பதிவு செய்தது. அது நிதானமாக விரியும் வாசிப்பு. டீப் பர்பிள் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவு செய்த 'மேட் இன் ஜப்பான்', வாத்தியத் திறமை பார்க்க விரும்புகிறவர்களுக்கு. எம்சி5 குழு 1968 அக்டோபரில் டெட்ராய்ட்டில் பதிவு செய்த 'கிக் அவுட் தி ஜாம்ஸ்' இவை எல்லாவற்றையும்விடக் கரடுமுரடு. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது அதைப் போட வேண்டாம், தலைப்புப் பாட்டின் தொடக்கத்திலேயே கெட்டவார்த்தை வரும்.